முகத்துக்கும் முடிக்கும் அழகுச் சிகிச்சை: மருந்துக்கடைக்கு வந்து கேட்கும் கேள்விகள்

இருபது வருஷமாக பேருந்து நிலையம் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மருந்தாளுநர் படிப்பு படித்தவன், டாக்டர் அல்ல. காய்ச்சல் மாத்திரைக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் கேட்கப்படுவது முகத்துக்குப் போடும் க்ரீம். முன்பு பெண்கள்தான் கேட்பார்கள், இப்போது கல்லூரிப் பையன்களும் கேட்கிறார்கள். கல்லாவில் நின்றுகொண்டு இரண்டு நிமிஷத்தில் சொல்ல முடியாததை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

"அண்ணே, அந்த மூணு மருந்து கலந்த வெள்ளை க்ரீம் குடுங்க. பக்கத்து வீட்டு அக்கா போட்டு பத்தே நாள்ல பளிச்சுனு ஆயிட்டாங்க." இதில் என்ன தப்பு?

பத்து நாளில் பளிச்சென்று ஆனது உண்மைதான். அதனால்தான் இதை விடச் சொல்வது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

அந்த ட்யூபில் மூன்று மருந்துகள் இருக்கின்றன. ஹைட்ரோகுயினோன் நிறமியைக் குறைக்கும். ட்ரெட்டினோயின் தோலைச் சீக்கிரம் உரிந்து புதுப்பிக்கச் செய்யும். மூன்றாவது மொமெட்டசோன் போன்ற ஒரு ஸ்டீராய்டு. மங்கு என்று நாம் சொல்லும் கன்னத்துக் கருந்திட்டுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்து, சில வாரம் மட்டும், திட்டு உள்ள இடத்தில் மட்டும், ராத்திரியில் போட வேண்டிய மருந்து இது. நல்ல மருந்துதான். ஆனால் அதை வாங்குகிறவர்கள் பவுடர் போல முகம் முழுக்கப் பூசி, மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் போடுகிறார்கள்.

ஸ்டீராய்டு ரத்தக் குழாயைச் சுருக்கும், நிறமி உண்டாவதையும் அடக்கும். முதல் வாரம் முகம் தெளிவாகத் தெரிவது அதனால்தான். போடப் போடத் தோல் மெலிந்துவிடும். கன்னத்தில் சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்புகள் தெரியும், பரு கொத்தாக வரும், பெண்களுக்குக் கன்னத்திலும் தாடையிலும் முடி வளரும். வெயிலில் நின்றால் எரியும், அடுப்பு முன்னால் நின்றாலும் எரியும். தோல் டாக்டர்கள் இதற்கு 'ஸ்டீராய்டால் கெட்ட முகம்' என்றே பேர் வைத்திருக்கிறார்கள்.

போன கோடையில் ஒரு பெண் வந்தார். துப்பட்டாவை முகம் முழுக்கச் சுற்றியிருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் துப்பட்டாவைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். இரண்டு கன்னமும் சுட்ட கத்தரிக்காய்த் தோல் போலப் பளபளவென்று சிவந்திருந்தன. "ரெண்டு வருஷம் போட்டேன் அண்ணே. நிறுத்தினா இப்படி ஆவுது. அதான் திரும்ப அதையே வாங்க வந்தேன்" என்றார். அந்த ட்யூபை ஒரு காலத்தில் நானும் சீட்டு இல்லாமல் விற்றிருக்கிறேன். இப்போது விற்பதில்லை.

2018-லேயே 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை 'அட்டவணை எச்' பட்டியலில் சேர்த்துவிட்டது மத்திய அரசு. டாக்டர் சீட்டு இல்லாமல் எந்தக் கடையும் கொடுக்கக் கூடாது. ட்யூபைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்ற பேர்களில் ஏதாவது இருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. படர்தாமரைக்கு என்று விற்கும் பல கலவைக் க்ரீம்களிலும் இதுதான். அதை எடுத்து முகத்தில் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே மாதக் கணக்கில் போட்டுவிட்டேன். நிறுத்தினால் எரிகிறதே?

எரியும். தோல் அந்த மருந்துக்குப் பழகிவிட்டது. எரிகிறதே என்று பழைய ட்யூபுக்கே திரும்பினால் அந்தச் சுழலிலிருந்து வெளியே வரவே முடியாது. தோல் டாக்டரிடம் பழைய ட்யூபையும் எடுத்துக்கொண்டு போங்கள். வீரியம் குறைந்த மருந்துக்கு மாற்றி, படிப்படியாகக் குறைத்து, எரிச்சலுக்கு வேறு மருந்து கொடுப்பார். பல மாதம் ஆகலாம். அதுவரை மணமில்லாத மாய்ஸ்சரைசரும் சன்ஸ்க்ரீனும் போதும். சோப்பு, ஸ்க்ரப், ஃபேஷியல் எதுவும் வேண்டாம். நான் மேலே சொன்ன பெண்ணுக்கு முகம் தேற எட்டு மாதம் ஆயிற்று.

தனியார் டாக்டருக்குச் செலவழிக்க முடியாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு போட்டால் பார்த்துவிடலாம்.

ஆன்லைனில் வாங்கிய வெளிநாட்டு க்ரீம் போடலாமா? அதில் ஸ்டீராய்டு இல்லை என்கிறார்கள்.

அதில் பாதரசம் இருக்கலாம். ஸ்டீராய்டைவிட எனக்கு இதுதான் அதிகப் பயம்.

நிறமி உண்டாக ஒரு நொதி வேண்டும். பாதரசம் அந்த நொதியின் வேலையைத் தடுக்கும், அதனால் தோல் வெளுக்கும். ஆனால் பாதரசம் தோலோடு நிற்காது. உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தில் போய்ச் சேரும். கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் டாக்டர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை பார்த்த 22 சிறுநீரக நோயாளிகளில் 13 பேர் வெளுப்புக் க்ரீம் போட்டவர்கள். சிறுநீரக வடிகட்டி பழுதாகிப் புரதம் சிறுநீரில் ஒழுகும் நோய் அவர்களுக்கு. சிறுநீர் நுரைத்துப் போவது, காலையில் கண் இமையும் கணுக்காலும் வீங்குவது இதன் அடையாளம். அதே 2023-ல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பேர் வைத்து அழகுசாதனக் கடைகளில் சோதனை நடத்தியது.

இன்னொன்றும் இருக்கிறது. பாதரசம் ஆவியாகும், துண்டிலும் தலையணையிலும் ஒட்டும். அம்மா பூசிக்கொண்டால் மடியில் படுக்கும் குழந்தைக்கும் போகும்.

வீட்டிலேயே எப்படிச் சந்தேகப்படுவது? தயாரித்தவர் முகவரி, தொகுப்பு எண், உட்பொருள் பட்டியல் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். பட்டியலில் மெர்க்குரி, கேலோமெல் என்று இருந்தால் குப்பையில் போடக்கூட யோசிக்க வேண்டும். மூடிக் கட்டி, வீட்டில் யார் கையும் படாமல் வைத்துவிட்டு, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். 'தங்கம், வெள்ளி நகையில் படக் கூடாது' என்று ஒரு வரி இருந்தால் அது பெரிய அடையாளம். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும் என்பது எந்தப் பத்தருக்கும் தெரியும். தாலிக்கொடியில் படக் கூடாத ஒன்றைக் கழுத்தில் எப்படிப் பூசுவது?

குளுட்டத்தயோன் ஊசி போட்டால் உடம்பு முழுக்க வெளுக்குமாமே?

போடாதீர்கள். குளுட்டத்தயோன் நம் உடம்பிலேயே இருக்கும் பொருள்தான். அதை நரம்பில் ஏற்றினால் நிலையாக நிறம் மாறும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. மாறியதாகச் சொல்கிறவர்களுக்கும் நிறுத்தியதும் பழைய நிறம் வந்துவிடுகிறது. இந்த ஊசி அதிகம் புழங்கும் பிலிப்பைன்ஸ் நாட்டின் மருந்து நிர்வாகமே 2011-ல் எச்சரிக்கை விட்டது: தோல் கொப்புளித்து உரியும் கடும் ஒவ்வாமை, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு. பத்து முறை, பதினைந்து முறை என்று பேக்கேஜ் போட்டு விற்கிறார்கள். அந்தப் பணத்துக்கு வேறு ஆயிரம் செலவு இருக்கிறது.

அப்படியென்றால் மங்குக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. மெதுவாகத்தான் வேலை செய்யும்.

முதலில் சன்ஸ்க்ரீன். மற்ற மருந்து எதுவானாலும் இது இல்லாமல் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். எஸ்.பி.எஃப். 30-க்கு மேல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். கடுகளவு தடவிவிட்டுப் பலன் இல்லை என்பவர்கள்தான் அதிகம். வெளியில் வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். மங்கு உள்ளவர்களுக்கு வெயிலின் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் திட்டைக் கறுக்கச் செய்யும். அதனால் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்க்ரீன் அவர்களுக்கு நல்லது. குடையும் மருந்துதான், செலவே இல்லாத மருந்து.

அதற்கு மேல் டாக்டர் எழுதும் அசெலாயிக் ஆசிட், ட்ரெட்டினோயின், குறுகிய காலத்துக்கு ஹைட்ரோகுயினோன். மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். ஹைட்ரோகுயினோனை வருஷக் கணக்கில் போட்டால் தோலில் நீலக் கறுப்பாக ஒரு படிவு வந்துவிடும். அதைப் போக்குவது மங்கைப் போக்குவதைவிடக் கஷ்டம். டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரையும் பலருக்குப் பலன் தருகிறது. ஆனால் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் அதைத் தொடக் கூடாது, கேட்காமல் வாங்கி விழுங்கவும் கூடாது. கர்ப்பமாக இருந்தாலோ கர்ப்பத்துக்கு முயன்றாலோ ட்ரெட்டினோயின், ஹைட்ரோகுயினோன் இரண்டும் வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு மங்கு தானாகவே மங்குவதும் உண்டு.

பார்லரில் ப்ளீச், ஃபேஷியல்?

ப்ளீச் முகத்து ரோமத்தை வெளுப்பாக்குகிறது, அவ்வளவுதான். எரிந்தால் உடனே கழுவுங்கள். 'கொஞ்சம் எரியத்தான் செய்யும்' என்றால் கேட்காதீர்கள். ஃபேஷியல் ஒரு நல்ல தேய்ப்பு. அதன் மினுமினுப்பு இரண்டு நாள் இருக்கும். பரு உள்ள முகத்தை அழுத்தித் தேய்க்கவோ கிள்ளவோ விடாதீர்கள், தழும்பாகிவிடும்.

பருத் தழும்புக்குக் கெமிக்கல் பீல், மைக்ரோநீடிலிங் என்கிறார்கள். பலன் உண்டா?

உண்டு, தழும்பின் வகையைப் பொறுத்து. பீல் என்பது ஆசிட் தடவித் தோலின் மேல் அடுக்கை உரிப்பது. மைக்ரோநீடிலிங் என்பது நுண்ணூசிகள் பதித்த உருளையை முகத்தில் ஓட்டுவது. பரு போன இடத்தில் இருக்கும் வெறும் கருப்புத் தடத்துக்குப் பீல் நன்றாக வேலை செய்யும். குழி விழுந்த தழும்புக்கு மைக்ரோநீடிலிங் பல முறை செய்தால் ஓரளவு மேடாகும். முழுதாக மறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நம் மாநிறத் தோலுக்கு ஒரு குணம் உண்டு. எங்கே காயம் பட்டாலும், சூடு பட்டாலும், அங்கே கறுத்துவிடும். கொசுக் கடித்த இடம் மாதக் கணக்கில் கறுப்பாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பீல், லேசர், ஊசி எல்லாவற்றுக்கும் இதுதான் கணக்கு. வெள்ளைத் தோலுக்குப் போடும் வீரியத்தை நமக்குப் போட்டால் இருந்த தடத்தைவிடப் பெரிய தடம் வரும். அதனால் லேசான வீரியத்தில் தொடங்கிப் பல முறை செய்யும் டாக்டர்தான் நமக்கு ஆகும். பரு இன்னும் சீழ் பிடித்து இருக்கும்போது ஊசி உருளை முகத்தில் ஓடக் கூடாது. உருளையை வீட்டுக்கு வாங்கி நீங்களே உருட்டவும் கூடாது.

லேசரில் முடியை எடுத்தால் மறுபடி வரவே வராதா?

'நிரந்தரமாக நீக்கம்' என்று பலகையில் எழுதுவார்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதிக்கும் சொல் 'நிரந்தரக் குறைப்பு'. வித்தியாசம் பெரியது. நான்கிலிருந்து ஆறு வார இடைவெளியில் ஆறேழு முறை செய்தால் முடி நன்றாகக் குறையும், மெலியும். அதன் பிறகும் வருஷத்துக்கு ஓரிரு முறை போக வேண்டி வரலாம்.

லேசர் முடியின் கறுப்பைத் தேடிப் போய்ச் சுடுகிறது. தோலிலும் கறுப்பு இருந்தால் அதையும் சுடும். அதனால் இயந்திரத்தின் பேரைக் கேளுங்கள். கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது. டயோடு லேசரும் கவனமாகச் செய்தால் சரி. வெளிறிய தோலுக்கு உகந்த 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசர் நம்மில் பலருக்குக் கொப்புளம் வைத்துவிடும். நரைத்த முடி எந்த லேசருக்கும் அசையாது.

இளம்பெண்களுக்குத் தாடையிலும் கழுத்திலும் திடமான முடி வருகிறது, மாதவிடாயும் தள்ளிப் போகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையை. அதைச் சரிசெய்யாமல் லேசர் மட்டும் செய்தால் புது முடி வந்துகொண்டே இருக்கும். சிலருக்கு, முக்கியமாகக் கன்னத்திலும் கழுத்திலும், லேசரே சுற்றுப்புறப் பூனைமுடியைத் தூண்டிவிடுவதும் உண்டு.

போட்டாக்ஸ், ஃபில்லர் இரண்டும் ஒன்றா?

இல்லை. போட்டாக்ஸ் தசையைத் தளர்த்துகிறது. கனடாவில் கண் டாக்டர் ஜீன் காருதர்ஸ் கண் இமைத் துடிப்புக்கு இதைப் போட்டபோது நெற்றிச் சுருக்கமும் மறைவதைக் கவனித்தார். அங்கிருந்து வந்த சிகிச்சை இது. புருவங்களுக்கு நடுவே உள்ள கோட்டுக்கு அமெரிக்காவில் 2002-ல் அனுமதி கிடைத்தது. சில நாளில் பலன் தெரியும், மூன்று நான்கு மாதம் நிற்கும். தப்பான இடத்தில் இறங்கினால் கண் இமை தொங்கிவிடும், ஆனால் சில வாரங்களில் தானே சரியாகும். கைதேர்ந்தவர் கையில் இது ஓரளவு பாதுகாப்பானதுதான்.

ஃபில்லர் வேறு கதை. அது பள்ளத்தை நிரப்பும் ஜெல். தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் அந்தக் குழாய் அடைபட்டு அந்த இடத்துத் தோல் செத்துப்போகும். மூக்கிலும் புருவ நடுவிலும் போடும்போது அடைப்பு கண்ணுக்குப் போகும் குழாய் வரை எட்டிப் பார்வையே போன சம்பவங்கள் உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கின்றன. ஊசி போட்டவுடன் பொறுக்க முடியாத வலி, தோல் வெளுப்பது, வலை பின்னியது போல நீலச் சிவப்பு, பார்வை மங்குவது, இதில் ஒன்று வந்தாலும் நிமிஷங்களில் கவனிக்க வேண்டும். ஹையலூரானிக் ஆசிட் ஃபில்லருக்கு ஹையலூரானிடேஸ் என்ற மாற்று மருந்து உண்டு. போடுவதற்கு முன் "அந்த மருந்து இப்போது உங்கள் அலமாரியில் இருக்கிறதா, காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படும் இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

முடி கொட்டுகிறது. மினாக்சிடில் வாங்கலாமா?

முதலில், எப்படிக் கொட்டுகிறது என்று பாருங்கள். டெங்கு, டைபாய்டு, பிரசவம், பட்டினிக் கிடந்து எடை குறைத்தது, இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பயந்து ஓடி வருவார்கள். இது தானே நின்று முளைக்கும் வகை. இரும்புச் சத்தும் தைராய்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

நெற்றி ஏறி, உச்சி சன்னமாகும் வழுக்கைக்குத்தான் மினாக்சிடில். ரத்த அழுத்த மாத்திரையாக வந்தது, சாப்பிட்டவர்களுக்கு முடி வளர்வதைப் பார்த்துத் தைலமாக்கினார்கள். முதல் மாதம் அதிகமாகவே கொட்டும், அங்கேதான் பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். நான்கைந்து மாதம் விடாமல் போட வேண்டும். நிறுத்தினால் வந்தது போய்விடும். பெண்கள் வழிய விட்டால் நெற்றியிலும் கன்னத்திலும் முடி வரும். வீட்டில் பூனை இருந்தால் அது நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு இது விஷம்.

ஃபினாஸ்டரைடு மாத்திரை ஆண்களுக்குப் பலன் தரும். சிலருக்குப் பாலியல் ஆசைக் குறைவும் மனச் சோர்வும் வருவதால் டாக்டர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையாலும் தொடக் கூடாது.

நம் ரத்தத்தையே சுழற்றித் தலையில் குத்தும் பி.ஆர்.பி.க்கு ஆதாரம் கலவையாக இருக்கிறது. சிலருக்குக் கொஞ்சம் உதவுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஊசிச் சுத்தம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஒரு அழகு நிலையத்தில் இதே ரத்தத்தை முகத்தில் குத்திக்கொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-ல் வெளியிட்டது.

முடி நடவு பாதுகாப்பானதா?

பின்னந்தலை முடியைப் பிடுங்கி முன்னால் நடுவது. நட்ட முடி முதல் மாதத்தில் கொட்டிவிட்டு, பிறகு முளைத்து, முழுப் பலன் தெரிய ஒரு வருஷம் ஆகும். பின்னால் இருக்கும் முடி அளவானது. இருபத்திரண்டு வயதில் அவசரப்பட்டு நட்டால், முப்பத்தைந்தில் வழுக்கை பின்னால் நகரும்போது நட முடி மிஞ்சாது.

இது அறுவைச் சிகிச்சை என்பதை மறந்துவிடுகிறார்கள். மரத்துப்போகப் போடும் மருந்துக்கு உடல் எடைக்கு ஏற்ற உச்ச அளவு உண்டு, மீறினால் வலிப்பு வரும், இதயம் தடுமாறும். 2016-ல் சென்னையில் இறுதியாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் முடி நடவுக்குப் போய் இறந்துபோனார். அந்த இடத்துக்கு சலூன் உரிமம்தான் இருந்தது என்று பிறகு தெரிந்தது. டாக்டராகப் போகிற பையனுக்கே அப்படி என்றால் நாம் எவ்வளவு விசாரிக்க வேண்டும்!

என்ன விசாரிப்பது?

தோல் டாக்டரா, பிளாஸ்டிக் சர்ஜனா என்று கேட்டு, பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்தில் தேடுங்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், யூட்யூபிலும் பட்டறையிலும் பார்த்துக் கற்றது அழகுச் சிகிச்சை செய்யப் போதாது என்று எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. கத்தியும் ஊசியும் உண்மையில் யார் கையில் இருக்கும் என்று கேளுங்கள். சுவரில் டாக்டர் பட்டம் தொங்கும், வேலையை உதவியாளர் செய்வார். தமிழ்நாட்டில் கிளினிக்குகள் மாவட்ட மருத்துவ, ஊரக நலப்பணிகள் இணை இயக்குநரிடம் பதிவு செய்திருக்க வேண்டும், சான்றிதழைக் காட்டச் சொல்லலாம். மருந்தின் பேர், தொகுப்பு எண், அளவு எழுதிய பில் வாங்குங்கள். அதே நாளில் முன்பணம் கட்டச் சொன்னால் வீட்டுக்கு வந்து யோசித்துவிட்டுப் போங்கள்.

ஏதாவது ஆகிவிட்டால் யாரிடம் சொல்வது?

முதலில் சிகிச்சை. பிறகு புகைப்படம், பில், மிச்ச மருந்து எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மருந்தின் பக்க விளைவை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பதியலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் அது. டாக்டர் மீது புகார் என்றால் மருத்துவக் கவுன்சில், போலி டாக்டர் என்றால் இணை இயக்குநர் அலுவலகமும் காவல் நிலையமும், பணத்துக்கு நுகர்வோர் ஆணையம். வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். முகத்தைக் கெடுத்தவர்கள் வேறு யாரோ, வெட்கம் உங்களுக்கு எதற்கு?

தங்கச்சிக்கு அடுத்த மாதம் கல்யாணம். இப்போது என்ன செய்யலாம்?

புதிதாக ஒன்றும் செய்யாதீர்கள். பீல், லேசர், ஃபில்லர் எதுவானாலும் தப்பாகப் போனால் அது சரியாவதற்கு ஒரு மாதம் போதாது. சன்ஸ்க்ரீன், மாய்ஸ்சரைசர், தூக்கம். தலைமுடியை நேராக்கும் கெரட்டின் சிகிச்சையையும் தள்ளிப் போடுங்கள். சிலவற்றில் சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு புகை வரும். கிளையாக்சிலிக் ஆசிட் கலந்த மருந்தில் முடியை நேராக்கிய ஒரு பெண்ணுக்கு மூன்று முறையும் சிறுநீரகம் பாதித்ததைப் பிரெஞ்சு டாக்டர்கள் 2024-ல் எழுதியிருக்கிறார்கள். மேக்கப் போடுகிறவர் கொண்டுவரும் பொருளைப் பத்து நாள் முன்னதாகவே வாங்கி, காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவி இரண்டு நாள் பாருங்கள். தலைச் சாயமும் அப்படித்தான். மாப்பிள்ளைக்கும் சொல்லிவிடுங்கள், மீசைக்குச் சாயம் பூசி உதடு வீங்கி முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி என் கடைக் கதவைத் தட்டியவர்கள் இருக்கிறார்கள்.